கம்பனிக்கு இதில் என்ன லாபம்?

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு சிறிய பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். ஒரு கூட்டத்தில், கொழும்புக் கம்பனி ஒன்று எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தகப் பை கொடுக்க வருகிறது என்று அதிபர் அறிவித்தார். எல்லோரும் கைதட்டினோம். பின்வாங்கில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "சேர், அந்தக் கம்பனிக்கு இதில் என்ன லாபம்?" என்று கேட்டார். அதிபர் ஒரு கணம் தடுமாறி, "நல்ல மனம் படைத்தவர்கள் அம்மா" என்றார். அந்த அம்மா மேற்கொண்டு எதுவும் கேட்காமல் அமர்ந்துவிட்டார்.

கோயில் திருவிழாக்களில் கச்சான் விற்றுப் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவர் அவர். ஒரு சுண்டு கச்சானை என்ன விலைக்குக் கொடுத்தால் கையில் என்ன மிஞ்சும் என்று வறுக்கும்போதே கணக்குப் போடுகிறவர். வியாபாரி காரணமில்லாமல் காசை வெளியே விடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். கேள்வி சரியானது, நாங்கள் சொன்ன பதில்தான் போதவில்லை. அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது எழுதுகிறேன். பொருளியலோ சட்டமோ படிக்காத ஒருவர், தம் ஊர்ப் பாடசாலைக்கு ஒரு நிறுவனம் வந்து நிற்கும்போது அதை விளங்கிக்கொள்ள இது உதவினால் போதும்.

கம்பனியும் மனிதரும்

ஒருவர் தம் மடியிலிருந்து நூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தால் அது அவருடைய பணம். யாரும் கணக்குக் கேட்க முடியாது. கம்பனி அப்படியல்ல. சட்டத்தின் முன் அது தனியான ஓர் ஆள். பங்குதாரர்கள் அதன் சொந்தக்காரர்கள். பணிப்பாளர்கள் அவர்கள் சார்பில் அதை நடத்துகிறவர்கள். அப்படியானால் அடுத்தவர் பணத்தை எடுத்துத் தருமம் செய்யப் பணிப்பாளருக்கு என்ன உரிமை? 1970ஆம் ஆண்டு அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் பிரீட்மன் இதைத்தான் கேட்டார். சட்டத்துக்கும் நேர்மைக்கும் உட்பட்டு லாபம் ஈட்டுவதே கம்பனியின் பொறுப்பு. தருமம் செய்ய விரும்பும் பங்குதாரர் தமக்குரிய லாபத்தை வாங்கித் தாமே செய்யட்டும் என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை நான் இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து பார்த்தால் அதில் ஒரு பெரிய கடன் கணக்கில் வராமல் போயிருக்கிறது. எங்கள் ஊரில் கிளை திறக்கும் ஒரு கம்பனி வேலைக்கு எடுக்கும் கணக்காளரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் முதலாம் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கட்டணம் செலுத்தாமல் படித்தவர். அந்தச் செலவை நாடு சுமந்தது. நாடு என்றால் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவரும், சீனிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரி கட்டிய எங்கள் பெற்றோரும். படித்து முடித்த பிள்ளையைக் கம்பனி கையில் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கம்பனி திரும்ப ஒரு பாடசாலைக்கு ஏதாவது செய்தால் அதைக் கருணை என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாங்கிய கடனில் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது என்றே சொல்வேன்.

இந்தக் கடன் உணர்வுக்குத்தான் இன்று 'நிறுவனச் சமூகப் பொறுப்பு' என்று பெயர். இந்தியாவில் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2013ஆம் ஆண்டுக் கம்பனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாயையோ விற்றுவரவு 1,000 கோடியையோ நிகர லாபம் 5 கோடியையோ எட்டிய கம்பனி, முந்திய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். இலங்கையில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. இங்கே கொடுக்கிற கம்பனி தானாக விரும்பிக் கொடுக்கிறது. ஆகவே ஏன் கொடுக்கிறது என்ற கேள்வி இங்கே இன்னும் பொருத்தமானது.

எந்த மடியிலிருந்து?

கொடுக்கும் பொருளைப் பார்ப்பதைவிட, அது எந்த மடியிலிருந்து வருகிறது என்று பார்க்கப் பழகினால் பாதி விளங்கிவிடும். நான் அறிந்தவரை நான்கு மடிகள் இருக்கின்றன.

முதலாவது முதலாளியின் சொந்த மடி. யாழ்ப்பாணத்துக்கு இது மிகப் பழக்கமானது. வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலை ஒல்லாந்தர் காலத்தில் கட்டியவர் வைத்திலிங்கச் செட்டியார் என்ற வணிகர். சேர் பொன்னம்பலம் இராமநாதன் வணிகர் அல்லர், சட்டத்தரணி. ஆனாலும் செல்வர் ஒருவர் கல்விக்குக் கொடுத்ததற்கு அவரைவிட நல்ல உதாரணம் இங்கே இல்லை. 1913இல் மருதனார்மடத்தில் பெண்களுக்காக இராமநாதன் கல்லூரியையும், 1921இல் திருநெல்வேலியில் பரமேஸ்வராக் கல்லூரியையும் தொடங்கினார். 1974இல் பல்கலைக்கழக வளாகம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில்தான் அது உருவானது. அவர் கண்மூடி நாற்பது ஆண்டுக்கு மேல் கழிந்த பின்னும் அவர் கொடுத்த நிலம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

இந்த மடியின் பலவீனம், அது ஓர் ஆளின் மனதோடு கட்டுண்டது என்பது. அவர் இருக்கும்வரை கொடுப்பார். பிள்ளைகள் கொடுப்பார்களா என்பது பிள்ளைகளைப் பொறுத்தது. அதனால்தான் அறிவுள்ள செல்வர்கள் நிலத்தையும் பணத்தையும் ஒரு தருமசாதனமாக எழுதி, குடும்பத்தின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டுப் போனார்கள். இந்தியாவின் டாடா குழுமத்தில் இது ஓர் எல்லைக்கே போயிருக்கிறது. அதன் தாய் நிறுவனத்தின் பங்குகளில் ஏறத்தாழ 66 சதவீதம் அறக்கட்டளைகளிடம் இருக்கிறது. ஆக அந்தத் தாய் நிறுவனம் பகிர்ந்தளிக்கும் பங்கு லாபத்தில் பெரும்பகுதி அறக்கட்டளைகளைப் போய்ச் சேர்வதற்கான வழியை அதன் முன்னோர் உரிமையிலேயே அமைத்துவிட்டார்கள்.

இரண்டாவது, கம்பனியின் லாபம். ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்து, இவ்வளவு சமூகப் பணிக்கு என்று பணிப்பாளர் சபை ஒதுக்குவது. மேலே சொன்ன இந்தியச் சட்டம் பேசுவது இதைப் பற்றித்தான். லாபம் இருந்தால் வரும், இல்லையென்றால் வராது.

மூன்றாவது விளம்பர மடி. நாங்கள் இதை அனுசரணை என்கிறோம். விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல், பரிசளிப்பு விழாவுக்குப் பதாகை, கம்பனியின் பெயர் அச்சிட்ட பை. கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் இது சந்தைப்படுத்தல் செலவு. பத்திரிகையில் விளம்பரம் போடுவதற்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு துண்டு பாடசாலைக்கு வருகிறது. இதில் பாவம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை ஒரு வருடம் முழுவதும் முதுகில் ஒரு கம்பனியின் பெயரைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் நடக்கிறது என்றால், அந்தப் பிள்ளையும் கம்பனிக்கு ஏதோ கொடுக்கிறது. அன்று அந்த அம்மாவிடம் அதிபர் சொல்லியிருக்க வேண்டியது இதைத்தான்: "அவர்களுக்கு விளம்பரம் அம்மா, எங்களுக்குப் பை." இரண்டு பக்கமும் அறிந்து செய்யும் கொடுக்கல் வாங்கல் அது. அதைத் தருமம் என்று அழைத்து, வாங்குகிறவரைத் தலைகுனிய வைப்பதுதான் பிழை.

பை கொடுத்த அந்த வைபவத்தில் நடந்த ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் பையை வாங்கும்போது புகைப்படம் எடுத்தார்கள். பத்தாம் ஆண்டில் படித்த ஒரு மாணவியின் படம் பத்திரிகையில் வந்தது. படத்தின் கீழே 'வறிய மாணவிக்கு' என்று இருந்தது. இரண்டு நாள் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு வரவில்லை. அதன் பிறகு எங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் எழுதினோம்: எவர் எதைக் கொடுத்தாலும் பொருளை அதிபரிடம் ஒப்படைக்கலாம், அதிபரோடு படம் எடுக்கலாம், வாங்கும் பிள்ளையைப் படம் எடுக்க இடமில்லை. ஓரிரு அனுசரணையாளர்கள் அதைக் கேட்டு வராமல் விட்டார்கள். வராதது நல்லது என்றே இன்றும் நினைக்கிறேன்.

நான்காவது மடி

நான்காவது, வியாபாரமே தருமமாக நடப்பது. லாபம் வந்த பிறகு அதில் கிள்ளிக் கொடுப்பதை விட்டு, தொழிலின் உள்ளேயே கொடையைப் பின்னிவிடுவது. இன்று இதைச் சமூகத் தொழில்முயற்சி என்கிறார்கள்.

மதுரையில் 1976ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி 11 கட்டில்களோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு நல்ல உதாரணம். பணம் கட்டக்கூடியவர் கட்டுகிறார்; அந்த வருமானத்தில், கட்ட முடியாதவருக்கு அதே மருத்துவர்கள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை செய்கிறார்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லையை வெளிநாட்டிலிருந்து வாங்கினால் கட்டுபடியாகாது என்று கண்டபோது, 1992இல் அதைத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். நன்கொடைக்குக் காத்திருந்தால் அத்தனை பேருக்குப் பார்வை கிடைத்திருக்காது. வங்காளதேசத்தில் முகமது யூனுஸ் 1983இல் உருவாக்கிய கிராமீன் வங்கியும் இந்த வகைதான். பிணை வைக்க எதுவுமில்லாத கிராமத்துப் பெண்களுக்குச் சிறு கடன் கொடுத்த அந்த வங்கிக்கும் அவருக்கும் 2006இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பக்கத்தில், 1930களில் மூளாயில் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலையும் ஊர் மக்கள் பங்கு சேர்த்து நடத்திய நிறுவனமே.

ஆனால் இந்த எண்ணம் தமிழருக்குப் புதிதல்ல. மகமை என்ற சொல்லைப் பெரியவர்கள் அறிவார்கள். ஒவ்வொரு மூடைக்கும் ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் இவ்வளவு என்று வணிகர்கள் ஒரு சிறு தொகையைப் பொதுப்பணிக்குத் தள்ளி வைப்பது. நாட்டுக்கோட்டை நகரத்தாரிடம் இந்த வழக்கம் இருந்தது. விருதுநகர் நாடார் வணிகர்கள் மகமைப் பணத்தைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாடசாலை நடத்தினார்கள். கவனியுங்கள், மகமை லாபத்தில் எடுப்பதல்ல; விற்பனையில் எடுப்பது. லாபம் வந்ததா என்று ஆண்டு முடிவுவரை பார்த்திருக்கத் தேவையில்லை. மூடை அசைந்தால் மகமையும் அசையும்.

யாழ்ப்பாணத்தில் இதன் உறவினன் பிடியரிசி. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அரசாங்கத்தின் பணமும் மிஷனரிமாரின் பணமும் இல்லாத அந்தப் பாடசாலையை நிலைநிறுத்த வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்தார் என்பது இங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை. உலை வைக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவது. எந்த ஏழை வீட்டிலும் உலை தினமும் கொதிக்கிறது. ஆகவே பாடசாலைக்கும் தினமும் ஒரு பிடி சேர்கிறது. பெரிய தொகை ஒரே தடவையில் வருவதைவிட, சிறிய தொகை நிற்காமல் வருவது ஒரு பாடசாலைக்கு எவ்வளவு முக்கியம் என்பதை நாவலர் அறிந்திருந்தார். அவர் அச்சகமும் நடத்தியவர். காகிதமும் கூலியும் மாதம் தவறாமல் கேட்கும் தொழில் அது.

நவீன காலத்துக்கு வந்தால், என் தலைமுறைக்கு முந்தியவர்கள் மில்க்வைற் சவர்க்காரத்தைப் பற்றி இன்றும் ஆசையோடு பேசுவார்கள். 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் உள்ளூர்த் தொழில்கள் தலையெடுத்த நேரம். அந்தத் தொழிற்சாலையின் உரிமையாளர் கனகராசா, சவர்க்காரம் விற்ற பெயரிலேயே ஒரு செய்தி இதழையும் வெளியிட்டார். சமய, அறநெறி நூல்களை அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். பனை விதைகளை நடுவதை ஓர் இயக்கமாகவே செய்தார். பனை வடலியாகி, வளர்ந்து, பாளை தள்ளப் பதினைந்து இருபது ஆண்டு செல்லும். தன் சவர்க்காரக் கட்டி ஒரு மாதத்தில் கரைந்துபோகும் என்று அறிந்த ஒரு வியாபாரி, இருபது ஆண்டு கழித்துப் பயன் தரும் விதையை நட்டார். எந்த நிறுவனத்தைப் பார்த்தாலும் எனக்கு முதலில் இந்த நினைவுதான் வருகிறது: எவ்வளவு தூரத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள்?

இலவசக் கல்வி இருக்கும்போது என்ன குறை?

வெளிநாட்டிலிருந்து வரும் நல்லெண்ணக்காரர்கள் இதை அடிக்கடி கேட்கிறார்கள். வளர்முக நாடு என்றதும் கட்டணம் கட்ட வழியில்லாத பிள்ளையையே அவர்கள் கற்பனை செய்கிறார்கள். இலங்கையில் நிலைமை வேறு. 1945 முதல் கல்வி இலவசம். 1980 முதல் பாடநூல்கள் இலவசம். 1993 முதல் சீருடைத் துணியும் அரசு தருகிறது. ஆகவே 'ஒரு பிள்ளையின் பாடசாலைக் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற வேறு நாட்டுத் திட்டத்தை அப்படியே இங்கே இறக்கினால் அது பொருந்தாது.

குறை வேறு இடங்களில் இருக்கிறது. காலையில் தேநீரோடு மட்டும் வரும் பிள்ளை பத்து மணிக்குத் தலை சுற்றுகிறது என்கிறது. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க நகரத்துக்குப் போக வேண்டும்; மாலை வகுப்பு முடிந்து திரும்பக் கடைசி பஸ் போய்விடுகிறது. ரியூசன் காசு இல்லாமல் பாடசாலைக் கல்வி மட்டும் போதும் என்று துணிய எந்தப் பெற்றோருக்கும் தைரியம் வருவதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஐந்து கல்வி வலயங்களில் தீவகத்தின் நிலையைச் சொல்லவே வேண்டாம். நெடுந்தீவுக்குக் குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் படகில் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படகு இல்லை. படகில் வர வேண்டிய ஆசிரியரும் இல்லை. அந்த நாள் அந்த வகுப்புக்குப் பாடம் இல்லை.

இவற்றில் ஒன்றுக்கும் திறப்பு விழா வைக்க முடியாது. அதுதான் சிக்கல். கட்டடம் கேட்டால் தர ஆள் இருக்கிறது. கட்டடத்துக்குள் நடக்க வேண்டியதற்குப் பணம் கிடைப்பதில்லை. கல்லில் பெயர் பொறிக்கலாம், மின்கட்டணப் பற்றுச்சீட்டில் பெயர் பொறிக்க முடியாது.

எங்கள் பாடசாலைக்கும் ஒரு நிறுவனம் கணினி அறை தந்தது. பத்துக் கணினிகள், குளிரூட்டி, புது மேசைகள். நாடா வெட்டினார்கள், பால்பொங்கலும் நடந்தது. முதல் மாத மின்கட்டணம் வந்தபோது அதிபர் முகம் மாறியது. குளிரூட்டியை நிறுத்தினோம். தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனார்; பதில் ஆசிரியர் வரவில்லை. அடுத்த ஆண்டு மின்கலங்கள் செத்தன. மழைக்காலத்தில் இரண்டு கணினிகளுக்குள் எறும்பு கூடு கட்டியது. மூன்றாம் ஆண்டு அந்த அறையின் திறப்பு அதிபரின் மேசை லாச்சிக்குள் இருந்தது. தந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். எங்களிடம் என்ன தேவை என்று அவர்கள் கேட்கவில்லை. யார் இதைப் பார்த்துக்கொள்வது என்று நாங்கள் அவர்களிடம் கேட்கவில்லை. வருகிற சீதேவியை ஏன் தடுப்பது என்று பேசாமல் இருந்தோம். அந்தக் குற்றத்தில் என் பங்கும் உண்டு.

அதன் பிறகு எவர் வந்தாலும் நான் கேட்கும் ஒரே கேள்வி, மூன்றாம் ஆண்டு இதற்கு யார் செலவு செய்வது என்பதுதான். பதில் உள்ளவர் உடனே சொல்லிவிடுவார்.

கொடை வலையாகும்போது

இன்னொரு வகை உண்டு. அது கவனக்குறைவைவிடக் கொடியது. 1970களில் வளர்முக நாடுகளின் மகப்பேற்று விடுதிகளில் பால்மா நிறுவனங்கள் இலவச மாதிரிகளைக் கொடுத்தன. தாதிமார் போல உடுத்திய விற்பனைப் பெண்கள் வந்து ஆலோசனை சொன்னார்கள். இலவசப் பால்மா முடிவதற்குள் தாய்க்குப் பால் வற்றிவிடும். பிறகு வாங்கியே ஆகவேண்டும். சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில், காசை மிச்சம் பிடிக்க நீர்த்துக் கரைத்துக் கொடுத்த பாலால் குழந்தைகள் நோயுற்றார்கள், இறந்தார்கள். உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 1981இல் உலக சுகாதாரத் தாபனத்தின் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் உணவுகளைச் சந்தைப்படுத்துவதற்கான நெறிமுறையை ஏற்றுக்கொண்டது. தாய்மாருக்கு இலவச மாதிரி கொடுப்பதை அது தடுக்கிறது.

இந்தக் கதையைப் பாடசாலையோடு பொருத்திப் பாருங்கள். சீனி நிறைந்த பானம் விற்கும் ஒருவர் விளையாட்டுப் போட்டிக்கு அனுசரணை தர வந்தால், ரியூசன் நிலையம் நடத்தும் ஒருவர் இலவச மாதிரி வினாத்தாள் தர வந்தால், கொடுப்பது முடிந்த பிறகு பிள்ளை எதை வாங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறது என்று கேட்க வேண்டும். கொடுக்கிறவரின் பொருளை நாளைக்கும் வாங்கினால்தான் இன்றைய கொடை பயன்படும் என்றால், அந்த வாசலை மூடிவிடலாம்.

நினைவு நிதியும் மகமையும்

யாழ்ப்பாணத்தார் கல்விக்குக் கொடுக்கும்போது ஒரு வழக்கம் இருக்கிறது. தாய் தகப்பன் நினைவாக ஒரு தொகையை வங்கியில் நிலையான வைப்பில் இட்டு, அதன் வட்டியில் ஆண்டுதோறும் பரிசோ புலமைப்பரிசிலோ கொடுப்பது. கடையின் பெயரிலும் கம்பனியின் பெயரிலும் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. முதல் கரையாது, வட்டி நிற்காது. கேட்க நன்றாகவே இருக்கும். ஆனால் 2022 இதன் பலவீனத்தை எங்களுக்குக் காட்டியது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குப் போனது. கொப்பி விலை கண்முன்னே ஏறியது. வைப்பில் இருந்த ரூபாய் குறையவில்லை; அது வாங்கக்கூடிய கொப்பிகள் குறைந்தன. ஆண்டு முழுவதற்கும் கொப்பி வாங்கப் போதுமாயிருந்த நிதி ஒரு தவணைக்கே முட்டியது.

இந்த இடத்தில் பழைய மகமையின் புத்தி எனக்கு விளங்கியது. விலை ஏறும்போது விற்பனைத் தொகையும் ஏறுகிறது. அதில் ஒரு பங்கு என்று வைத்தால் கொடையும் கூடவே ஏறும். மாதம் 20 இலட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு பலசரக்குக் கடை அரைச் சதவீதத்தை ஒதுக்கினால் மாதம் 10,000 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்கு விற்றால் ஐந்து ரூபாய். வாங்குகிறவருக்கும் அது தெரியாது, விற்கிறவருக்கும் பெரிதாக வலிக்காது. ஆனால் ஒரு கிராமப் பாடசாலையில் மாலை நேரத்தில் கணிதம் சொல்லிக்கொடுக்கும் இளைஞர் ஒருவருக்குப் போக்குவரத்துப் படியாவது மாதம் தவறாமல் கிடைக்கும். வியாபாரம் படுத்தால் மகமையும் படுத்துவிடும் என்பது உண்மைதான். அதற்காக நல்ல மாதத்தில் வருவதில் ஒரு பகுதியைச் சேர்த்து வைக்க வேண்டும்.

பணம்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு தொழில் நிறுவனத்திடம் பணத்தைவிட அரிதான ஒன்று உண்டு. அது அங்கே வேலை செய்கிறவர்களின் கைத்திறன். கணக்காளர் ஒருவர் மாதம் ஒரு சனிக்கிழமை வர்த்தகப் பிரிவு மாணவருக்கு உண்மையான பேரேட்டைக் காட்டட்டும். மின்னியலாளர் ஒருவர் ஆய்வுகூடத்தின் சுற்றுகளைச் சரிபார்க்கட்டும். யாழ் ஐ.ரி. ஹப் போன்ற அமைப்புகளில் மென்பொருள் துறையில் இருக்கிற இளைஞர்கள் தம் நேரத்தைக் கொடுத்து, அடுத்த தலைமுறையைப் போட்டிகளுக்கும் தொழிலுக்கும் தயார் செய்கிறார்கள். அதைக் காசோலையில் எழுத முடியாது.

வழிமுறை பெரிதாக ஒன்றுமில்லை. முதலில் அதிபரிடம் போங்கள், பிள்ளைகளிடம் நேரே போகாதீர்கள். அதிபர் அபிவிருத்திச் சங்கத்தில் வைப்பார். பெரிய வேலை என்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதி வேண்டும். பணத்தைச் சங்கத்தின் வங்கிக் கணக்கில் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். அரசுக்கும் அங்கீகரிக்கப்பட்ட தொண்டு நிறுவனங்களுக்கும் கொடுப்பதற்குச் சட்டம் வகுத்த எல்லைக்குள் வருமான வரியில் கழிவு உண்டு. உங்கள் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளலாம். தொடர்ந்து செய்ய எண்ணும் நிறுவனம், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி ஒன்றைத் தனியே பதியலாம். அதற்குப் பங்குகளும் இல்லை, பங்கு லாபம் வாங்குவோரும் இல்லை. வருவதெல்லாம் பணிக்கே போகும்.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. கணினி அறை பூட்டப்பட்ட பிறகு வேறொரு சிறிய நிறுவனம் எங்களிடம் வந்தது. என்ன வேண்டும் என்று கேட்டார்கள். உட்கிராமங்களிலிருந்து நடந்து வரும் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் என்றோம். சரி என்றவர்கள் கூடவே இன்னொன்றும் செய்தார்கள். சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருக்கும் ஐயாவோடு ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொடுப்பார்கள். காற்று, பிறேக், சங்கிலி எல்லாம் அவர் பொறுப்பு. பிள்ளை உயர்தரம் முடித்துப் போகும்போது சைக்கிளை அடுத்த பிள்ளைக்குக் கைமாற்ற வேண்டும். அதற்கென்று ஒரு கொப்பி போட்டோம்.

மூன்றாம் ஆண்டு அந்த நிறுவனத்திலிருந்து ஒருவர் தனியே வந்தார். கையில் புகைப்படக் கருவி இல்லை. சைக்கிள் தரிப்பிடத்தில் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார், சந்திக் கடை ஐயாவோடு அரை மணி நேரம் கதைத்தார், டயர் தேய்ந்தவற்றின் பட்டியலை எழுதி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்.